வீட்டு எஸ்பிரஸ்ஸோ மெஷின்: கையும் சுடக்கூடாது, காபியும் கசக்கக்கூடாது

மெஷின் வாங்குன மூணாவது நாள், ஷாட், அதாவது ஒரு தடவை இறக்குற எஸ்பிரஸ்ஸோ, ரொம்ப மெதுவா சொட்டிட்டு இருந்துச்சு, பொறுமை இல்லாம பம்பை ஆஃப் பண்ணிட்டு உடனே போர்ட்டாஃபில்டர் (தூள் போட்டு மெஷின்ல மாட்டுற கைப்பிடி வெச்ச கரண்டி) கைப்பிடியை திருப்பி இழுத்தேன். டப்புனு ஒரு சத்தம், கொதிக்கிற காபித்தூள் சேறு மாதிரி மணிக்கட்டு வரைக்கும் அடிச்சிருச்சு. கொப்புளம் ஆற ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. அதனால டேஸ்ட் பத்தி பேசறதுக்கு முன்னாடி இதைத்தான் சொல்லணும்னு நினைக்கிறேன்.

ஏன் அப்படி அடிச்சுதுன்னா, பம்ப் நின்ன உடனே உள்ள இருக்கிற அழுத்தம் போயிடும்னு நாம நினைச்சுக்கறோம், ஆனா தூள் ரொம்ப நைஸா அரைபட்டு அடைச்சுக்கிட்டா மேல இருக்கிற தண்ணிக்கு கீழ இறங்க வழி கிடையாது, அழுத்தம் அப்படியே அங்கேயே மாட்டிக்கிட்டு இருக்கும். கொஞ்சம் நல்ல மெஷின்கள்ல மூணு வழி சோலனாய்டு வால்வுன்னு ஒண்ணு இருக்கும், பம்பை நிறுத்தின உடனே அது மிச்ச அழுத்தத்தை கீழ சொட்டு விழுற தட்டுக்கு, அதாவது டிரிப் ட்ரேக்கு, திருப்பி விட்டுடும், 'புஸ்'ஸுனு சத்தம் கேக்கும். உங்க மெஷின்ல ஷாட் முடிஞ்சதும் அந்த சத்தம் வருதா, ட்ரேல தண்ணி கொட்டுதான்னு கவனிங்க. வரலைன்னா உங்க மெஷின்ல பெரும்பாலும் அந்த வால்வு இல்ல. அப்ப ஷாட் முடிஞ்சு சொட்டுறது முழுசா நின்னு இன்னும் ஒரு நிமிஷமாவது போகட்டும், அப்புறம் கைப்பிடியை கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துங்க, பக்கவாட்டுல சீறுற சத்தம் கேட்டா அங்கேயே நிறுத்துங்க. ஷாட் அடைச்சு ஒண்ணுமே வராத நேரத்துல இன்னும் கூடுதலா காத்திருங்க. அழுத்தம் அதிகமா தேங்கி நிக்கிறது அப்பத்தான்.

பம்ப் இல்லாம வெறும் நீராவியில ஓடுற சின்ன மெஷின்கள் தனி ரகம். மேல ஒரு திருகு மூடி இருக்கும், அதுக்குள்ள அளந்து தண்ணி ஊத்தி மூடணும். அந்த மூடியை சூடா இருக்கிறப்ப தொறக்கவே கூடாது. ஆஃப் பண்ணி, ஸ்டீம் திருகை தொறந்து நீராவி முழுக்க வெளிய போய் சத்தம் அடங்கினதுக்கு அப்புறம், இன்னும் கொஞ்சம் ஆறவிட்டு, அதுக்கப்புறம்தான் மூடில கை வைக்கணும். கை வெச்சு திருகும்போது இறுக்கமா இருந்தா அர்த்தம் உள்ள இன்னும் அழுத்தம் இருக்குன்னு, பலம் குடுத்து திருகாதீங்க. அதுல இருக்கிற பாதுகாப்பு வால்வு அடைச்சுக்கிட்டாலோ கசிஞ்சாலோ நாமளா எதையாவது சொருகி சரி பண்ற வேலையே வேணாம், மெஷினை ஓரம் கட்டிட்டு சர்வீஸுக்கு குடுங்க.

எஸ்பிரஸ்ஸோவோட கதையே இப்படி நீராவியில ஆரம்பிச்சதுதான். 1884-ல டூரின்ல ஆஞ்செலோ மோரியோண்டோ, 1901-ல லூயிஜி பெட்ஸேரா, இவங்க காப்புரிமை வாங்குன மெஷின்கள் எல்லாம் நீராவி அழுத்தத்துலதான் ஓடுச்சு, சுமார் ஒண்ணரை பார் (அழுத்தத்தை அளக்கிற அலகு) இருக்கும். அந்த அழுத்தத்துக்கு தண்ணி ரொம்ப கொதிக்க வேண்டியிருந்ததால காபி கருகின மாதிரி கசக்கும். அக்கில்லே காஜ்ஜா 1938-ல காப்புரிமை எடுத்து, போருக்கு அப்புறம் ஸ்பிரிங் லீவர் மெஷின் கொண்டு வந்ததுக்கு பிறகுதான் மேல அந்த பொன் நிற நுரை, அதாவது க்ரீமா, வர ஆரம்பிச்சது. 1961-ல ஃபயேமா ஈ61 மெஷின்ல மோட்டார் பம்ப் வந்து, ஒன்பது பார் அழுத்தம்ங்கிறது வழக்கமாவே ஆயிடுச்சு. இதை எதுக்கு சொல்றேன்னா, நீராவி மட்டும் வெச்சு ஓடுற மெஷின் வாங்கிட்டு ஏன் க்ரீமா வரல, ஏன் கசக்குதுன்னு உங்களையே குறை சொல்லிக்காதீங்க, அதுல அந்த அழுத்தமே கிடையாது. அதே மாதிரி டப்பால 15 பார், 20 பார்னு போட்டிருக்கிறதை பாத்து மயங்கவும் வேணாம். அது பம்பால முடிஞ்ச உச்சபட்சம், தூள் மேல விழ வேண்டியது ஒன்பது பார் சுத்தி இருந்தா போதும்.

கரண்ட் விஷயம். இந்த மெஷின்கள் பெரும்பாலும் 1000 வாட்ஸுக்கு மேல இழுக்கும், 1500 கூட இருக்கும், அதனால மெல்லிசான எக்ஸ்டென்ஷன் வயர்ல போடாம நேரா சுவர் பிளக்ல, எர்த் சரியா இருக்கிற சாக்கெட்ல போடுங்க. பக்கத்துலயே எலக்ட்ரிக் கெட்டிலும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல ஓடினா வயர் சூடாகி இளகிடும். ஈரக் கையோட பிளக்கை தொடாதீங்க, வயரை மேடை விளிம்புல தொங்க விடாதீங்க, முக்கியமா சின்னக் குழந்தைங்க இருக்கிற வீட்டுல, எட்டிப் புடிச்சு இழுத்தாங்கன்னா மெஷினே மேல வந்து விழும்.

புதுசா மெஷினை எடுத்த உடனே சூடு பண்ணாதீங்க. டேங்கை கழுவி, தண்ணி ஊத்தி, பம்பை ஓட்டி காபி வர்ற வாய் வழியாவும் ஸ்டீம் குழாய் வழியாவும் தண்ணி தொடர்ச்சியா வர்ற வரைக்கும் விடுங்க. உள்ள பாய்லர்ல தண்ணி நிரம்பாம ஹீட்டர் ஓடுச்சுன்னா எலிமென்ட் எரிஞ்சு போயிடும். டேங்க் காலியாகி பம்ப் கரகரன்னு சத்தம் போட்டாலும் இதே கதைதான், உடனே நிறுத்திட்டு தண்ணி ஊத்துங்க.

தண்ணியை பத்தி ரெண்டு வார்த்தை. உப்புத் தண்ணி ஊத்தினா சுண்ணாம்பு படிஞ்சு பாய்லரும் சின்னச் சின்ன குழாயும் அடைச்சுக்கும். அதுக்காக ஒரு உப்புமே இல்லாத டிஸ்டில்டு தண்ணியும் சரி வராது, காபி சப்புன்னு இருக்கும், அதோட சில மெஷின்கள்ல தண்ணி இருக்கான்னு பாக்கிற சென்சார் தண்ணியில இருக்கிற உப்பு வழியா கரண்ட் போறதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கும், சுத்தமான தண்ணிய அது தண்ணியாவே எடுத்துக்காது. உப்பு குறைவா உள்ள, குடிக்கிறதுக்கு நல்லா இருக்கிற ஃபில்டர் தண்ணி போதும்.

இனி காபிக்கு வரேன். என்னை யாராவது மெஷின் வாங்கணும், எவ்வளவு செலவு பண்ணலாம்னு கேட்டா நான் முதல்ல கேக்கிறது, க்ரைண்டர் என்ன வெச்சிருக்கீங்கன்னுதான். எஸ்பிரஸ்ஸோவுல பாதி வேலை க்ரைண்டர்லதான் இருக்கு, பாதிக்கும் மேலன்னே சொல்லுவேன். பிளேடு சுத்துற மிக்ஸி மாதிரி க்ரைண்டர்ல ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் ரவைன்னு கலந்து வரும், அதுல தண்ணி ஒரே சீரா இறங்கவே இறங்காது. பர் க்ரைண்டர் வேணும், ரெண்டு பல்லு சக்கரம் நடுவுல கொட்டை நசுங்கி அரைபடுற வகை, அதுலயும் எஸ்பிரஸ்ஸோவுக்கு ஏத்த மாதிரி நுணுக்கமா மாத்த முடியிற ஒண்ணு. கையால சுத்துற க்ரைண்டர் கூட நல்லதா பாத்து வாங்கினா போதும்.

க்ரைண்டர் இப்போதைக்கு முடியாது, அரைச்ச தூள்தான்னா, மெஷினோட வர்ற ரெட்டைச் சுவர் பேஸ்கெட்டை பயன்படுத்துங்க, பேஸ்கெட்னா போர்ட்டாஃபில்டருக்குள்ள உக்கார்ற, தூள் போடற ஓட்டை வெச்ச கிண்ணம். திருப்பிப் பாத்தா அடியில நிறைய ஓட்டைக்கு பதிலா ஒரே ஒரு ஊசி ஓட்டை இருக்கும், அதுதான் அது. அந்த ஓட்டையே அழுத்தத்தை உண்டாக்கிடும், க்ரைண்ட் சரியா இல்லாட்டியும் ஓரளவு காபி வரும். ஆனா க்ரீமா மாதிரி தெரியிற நுரை அந்த ஓட்டையால வர்றது, அதை வெச்சு காபி நல்லா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. இதுல ரொம்ப நைஸா அரைச்ச தூளை போட்டா அந்த ஒரே ஓட்டையும் அடைச்சுக்கும், அப்புறம் நான் முதல்ல சொன்ன டப்புதான்.

சாதாரண பேஸ்கெட், க்ரைண்டர் ரெண்டும் இருக்குன்னு வெச்சுக்குங்க. 0.1 கிராம் வரை காட்டுற ஒரு சின்ன தராசும், போன்ல ஸ்டாப்வாட்சும் வேணும். ஆரம்பிக்கிற கணக்கு இதுதான்: 18 கிராம் தூள் போட்டு 36 கிராம் காபி, 25 லிருந்து 30 செகண்டுக்குள்ள. பேஸ்கெட் சின்னதா இருந்தா 14 போட்டு 28 எடுங்க, ஒண்ணுக்கு ரெண்டு அவ்வளவுதான். இது சட்டம் இல்ல, நின்னு பாக்கிறதுக்கு ஒரு இடம்.

போன வாரம் புது கொட்டை பாக்கெட் தொறந்தப்ப நடந்ததை அப்படியே சொல்றேன், இதைவிட தெளிவா எனக்கு சொல்லத் தெரியல. பழைய செட்டிங்லயே அரைச்சு 18 கிராம் போட்டேன், 14 செகண்ட்லயே 36 கிராம் கொட்டிருச்சு, வாயில வெச்சா புளிப்பு, தண்ணி மாதிரி. தண்ணி வேகமா ஓடிட்டதால தூள்ல இருந்து எடுக்க வேண்டியதை எடுக்கல. க்ரைண்டர்ல ரெண்டு புள்ளி நைஸ் பண்ணேன். இங்க ஒரு விஷயம், செட்டிங் மாத்தினாலும் க்ரைண்டர் பல்லுக்கு நடுவுல பழைய தூள் கொஞ்சம் தங்கி இருக்கும், அதனால மூணு நாலு கிராம் அரைச்சு தூக்கி போட்டுட்டுத்தான் அடுத்த ஷாட்டுக்கு அரைக்கணும், இல்லன்னா பழசும் புதுசும் கலந்து வந்து நம்மளை குழப்பிடும். ரெண்டாவது ஷாட் எதிர்ப்பக்கம் போயிடுச்சு, பத்து செகண்டுக்கு மேல சொட்டே விழல, 36 வர 48 செகண்ட் ஆச்சு, நாக்கு வறண்டு போற கசப்பு. ஒரு புள்ளி திரும்ப கொரகொரப்பாக்கினேன். மூணாவது 28 செகண்ட், இனிப்பும் புளிப்பும் கசப்பும் ஒண்ணையொண்ணு முந்தாம இருந்துச்சு. மூணு ஷாட்லயும் நான் மாத்தினது க்ரைண்ட் மட்டும்தான், தூள் எடையையோ காபி எடையையோ தொடல. ஒரே நேரத்துல ரெண்டு மாத்தினா எதால சரியாச்சுன்னு தெரியவே தெரியாது. புளிப்பா வேகமா வந்தா நைஸாக்குங்க, கசந்து மெதுவா வந்தா கொரகொரப்பாக்குங்க, இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா போதும்.

நேரம் எல்லாம் சரியா வந்தும் புளிப்பும் கசப்பும் ஒண்ணா அடிக்குதுன்னா, தண்ணி ஒரே இடத்துல ஓட்டை போட்டுக்கிட்டு ஓடுதுன்னு அர்த்தம். சேனலிங்னு சொல்லுவாங்க. அந்த இடத்துல தூள் சக்கையா சாறெல்லாம் போயிடும், மத்த இடத்துல நனையறது கூட சரியா இருக்காது. இதுக்கு மருந்து தூளை பரப்புறதுலதான் இருக்கு. பேஸ்கெட்டை ஈரம் இல்லாம துடைச்சுட்டு தூளை போட்டு, மெல்லிசான ஊசி நாலஞ்சு சொருகின ஒரு பிடியால கிளறி விடுங்க, அடிவரைக்கும், கட்டி எல்லாம் உடையிற மாதிரி. 2005-ல ஜான் வெய்ஸ்னு ஒருத்தர் சொல்லிக் குடுத்த வழி இது, அவர் பேர்லயே கூப்பிடறாங்க, வீட்டு க்ரைண்டருக்கு இதைவிட செலவில்லாத மாற்றம் எதுவும் எனக்கு தெரியாது. அப்புறம் டேம்ப் பண்றது, அதாவது தூளை டேம்பர்ங்கிற தட்டையான கட்டையால அமுக்கறது. 15 கிலோ அழுத்தணும், 20 கிலோ அழுத்தணும்னு எல்லாம் கவலைப்பட வேணாம், தூள் இதுக்கு மேல அமுங்காதுங்கிற வரைக்கும் அமுக்கினா சரி, ஆனா மட்டமா இருக்கணும். ஒரு பக்கம் சாஞ்சிருந்தா தண்ணி அந்தப் பக்கம்தான் ஓடும். அமுக்கினதுக்கு அப்புறம் ஓரத்துல ஒட்டின தூளை விழ வைக்க டேம்பரால பேஸ்கெட்டை தட்டுற பழக்கம் பலருக்கு இருக்கு, விட்டுடுங்க, தட்டும்போது தூள் வில்லை சுவரை விட்டு விலகிடும், தண்ணி அந்த இடுக்குல இறங்கிடும்.

மெஷின்ல ரெடின்னு லைட் எரிஞ்ச உடனே ஷாட் போடறதும் பாதி பேர் பண்ற தப்பு. லைட் சொல்றது பாய்லர் தண்ணி சூடாயிடுச்சுன்னு மட்டும்தான், போர்ட்டாஃபில்டர் மாட்டுற கனமான பித்தளை ஹெட்டும் போர்ட்டாஃபில்டரும் இன்னும் சில்லுன்னு இருக்கும். தண்ணி தூள்ல படறப்ப 90 லிருந்து 96 டிகிரி இருக்கணும், சில்லு உலோகத்துல பட்டு இறங்கினா அந்த சூடு போயிடும், காபி புளிக்கும். கனமான மெஷினா இருந்தா போர்ட்டாஃபில்டரை மாட்டி வெச்சே இருபது நிமிஷம் விடுங்க. தண்ணி ஓடும்போதே சூடாக்கிற சின்ன தெர்மோபிளாக் மெஷின்னா வெறும் போர்ட்டாஃபில்டரை மாட்டி ரெண்டு தடவை வெந்நீர் ஓட்டினா போதும், கப்பும் அதுலயே சூடாயிடும்.

தூள் போட்ட போர்ட்டாஃபில்டரை மாட்டினதும் தாமதிக்காம பம்பை போடுங்க, மேல இருக்கிற சூட்டுல தூள் வெந்துக்கிட்டு இருக்கக்கூடாது. இப்ப கண்ணை எடுக்காம பாருங்க. முதல் அஞ்சாறு செகண்ட் ஒண்ணும் வராது. அப்புறம் கருப்பா கெட்டியா ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு, பிறகு அது ஒண்ணாகி எலி வால் மாதிரி மெல்லிசா தொங்கும், தேன் இறங்குற வேகம். நிறம் கருஞ்சிவப்புல இருந்து பழுப்பு, பழுப்புல இருந்து வைக்கோல் நிறம்னு வெளுத்துக்கிட்டே வரும். ரொம்ப வெளுத்ததுக்கு அப்புறம் வர்றது வெறும் கசப்புத் தண்ணி. தராசு 33, 34 காட்டும்போதே பம்பை நிறுத்துங்க, மிச்சம் தானா சொட்டி 36 ஆயிடும்.

கொட்டை வறுத்த தேதி பாத்து வாங்குங்க. வறுத்து ரெண்டு நாள்தான் ஆச்சுன்னா உள்ள கார்பன் டை ஆக்சைடு நிறைய இருக்கும், நுரை பொங்கும், ஷாட் ஒரு நிலையில நிக்காது. ஒரு வாரம் விட்டு எடுத்தா நல்லா இருக்கும், அதுல இருந்து ரெண்டு மூணு வாரம் ஓட்டலாம். நாளாக நாளாக ஷாட் வேகமாகிக்கிட்டே வரும், அப்ப கொஞ்சம் நைஸாக்கிக்கணும். இது மெஷின் கோளாறு இல்ல.

பால் நுரைக்கிற இடத்துலதான் மறுபடி கையை காப்பாத்தணும். ஸ்டீம் பட்டனை போட்டா தண்ணி 120 டிகிரிக்கும் மேல போகும். முதல்ல குழாயை ட்ரே பக்கம் திருப்பி ரெண்டு செகண்ட் தொறங்க, உள்ள தேங்கின தண்ணி போய் காஞ்ச நீராவி வரட்டும். ஜக்ல சில்லுனு இருக்கிற பால் பாதிக்கு கீழ இருக்கணும். குழாய் நுனியை பால் மேற்பரப்புக்கு கொஞ்சமே கொஞ்சம் கீழ வெச்சு முழுசா தொறங்க, பேப்பர் கிழியிற மாதிரி 'ட்ஸ் ட்ஸ்'னு சத்தம் வரணும், அதுதான் காத்து உள்ள போற சத்தம். மூணு நாலு செகண்ட் போதும். கீச்சுன்னு கத்தினா காத்தே போகல, குபுகுபுன்னு பெரிய குமிழி வந்தா நுனி ரொம்ப மேல இருக்கு. அப்புறம் நுனியை கொஞ்சம் ஆழத்துக்கு இறக்கி ஒரு ஓரமா சாச்சு பிடிங்க, பால் சுழலா சுத்தும், பெரிய குமிழி எல்லாம் உடைஞ்சு பெயின்ட் மாதிரி பளபளப்பாகும். ஜக் அடியில வெச்ச உள்ளங்கை தாங்க முடியாதபடி சுட ஆரம்பிச்சா 55, 60 டிகிரி வந்தாச்சு, நிறுத்துங்க, 70 தாண்டினா பாலோட இனிப்பு போயிடும்.

நீராவியை மூடிட்டுத்தான் ஜக்கை கீழ இறக்கணும், தொறந்திருக்கிறப்ப இறக்கினா கொதிக்கிற பால் முகத்துல தெறிக்கும். உடனே ஈரத்துணியை நாலா மடிச்சு குழாயை துடைங்க, திரும்ப ரெண்டு செகண்ட் நீராவி விடுங்க. இதை விட்டா சூடு இறங்கும்போது குழாய்க்குள்ள பால் உறிஞ்சிக்கும், உள்ளயே கெட்டுப் போகும். ஒரே பாய்லர் உள்ள மெஷின்னா பால் முடிச்ச கையோட அடுத்த ஷாட் போடாதீங்க, காபி வாய் வழியா தண்ணி ஓட்டுங்க, முதல்ல சீறிக்கிட்டு நீராவியா வரும், அந்த சீறல் அடங்கி அமைதியா தண்ணி வர்ற வரைக்கும்.

கை சுட்டுடுச்சுன்னா குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க, மோதிரம், வளையல் இருந்தா வீங்குறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. ஐஸ் வேணாம், டூத்பேஸ்ட் வேணாம். பெரிய கொப்புளம், முகம், குழந்தைங்கன்னா டாக்டர்கிட்ட போயிடுங்க.

சுத்தம் பண்றது தினமும் ஒரு நிமிஷ வேலை, சக்கையை தட்டிட்டு வெறும் தண்ணி ஓட்டி, மேல இருக்கிற சல்லடையை பிரஷ்ஷால தேய்ச்சு விடுங்க. வாரம் ஒரு தடவை ஓட்டை இல்லாத பேஸ்கெட்ல காபி மெஷின் கழுவுற பவுடரை பாக்கெட்ல சொன்ன அளவு போட்டு மாட்டி, பத்து செகண்ட் பம்ப், நிறுத்து, திரும்ப பத்து செகண்ட்னு அஞ்சு தடவை, அப்புறம் பவுடர் இல்லாம அதே மாதிரி. இது அந்த மூணு வழி வால்வு இருக்கிற மெஷினுக்கு மட்டும்தான், இல்லாத மெஷின்ல பண்ணீங்கன்னா அழுத்தம் வெளிய போக வழியே கிடையாது, செய்யவே செய்யாதீங்க. அலுமினிய போர்ட்டாஃபில்டரை அந்த பவுடர்ல ஊற வெக்காதீங்க, கருத்துப் போயிடும். சுண்ணாம்பு எடுக்கிறது உங்க தண்ணியைப் பொறுத்தது, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சுக்குங்க, மேனுவல்ல என்ன ஊத்தச் சொல்லியிருக்கோ அதை ஊத்துங்க, பாய்லர் எந்த உலோகம்ங்கிறதை பொறுத்து அது மாறும். வினிகர் வாசனை ரொம்ப நாள் போகாது, நான் தொடறது இல்ல. முடிஞ்சதும் ரெண்டு டேங்க் நல்ல தண்ணி ஓட்டிட்டுத்தான் காபி.

ஒருநாள் ஷாட் ஓடும்போது போர்ட்டாஃபில்டர் விளிம்புல இருந்து தண்ணி கசியும், கைப்பிடி வழக்கமா நேரா நிக்கிறது வலது பக்கம் தாண்டிப் போகும். உள்ள இருக்கிற ரப்பர் கேஸ்கெட் சூட்டுல காஞ்சு இறுகிப் போச்சு, அவ்வளவுதான். இன்னும் பலமா இறுக்கி சமாளிக்காதீங்க, மெஷின் முழுசா ஆறினதும் பழசை நெம்பி எடுத்துட்டு, பள்ளத்துல இருக்கிற தூளை சொரண்டிட்டு, அதே அளவுல புதுசு போடுங்க. ராத்திரி போர்ட்டாஃபில்டரை இறுக்கி மாட்டி வெக்காம லேசா தொங்க விட்டா அந்த ரப்பர் இன்னும் கொஞ்ச நாள் கூடுதலா தாங்கும்.